ஏற்காடு ஆர்க்கிட்: தொட்டியில் வளர்ந்ததா, மரத்தில் பிய்த்ததா?

ஏற்காட்டிலிருந்து இறங்குகிறவர்கள் காபித்தூள், மிளகோடு ஓர் ஆர்க்கிட் செடியும் வாங்கிவருவதுண்டு. அது நர்சரியில் வளர்ந்ததாக இருக்கலாம். காட்டு மரத்திலிருந்து பிய்த்ததாகவும் இருக்கலாம்.

வேரைப் பாருங்கள், அதுதான் பிறப்புச் சான்றிதழ். நர்சரிச் செடியின் வேர் கரித்துண்டையும் ஓட்டுச் சில்லையும் பற்றிக்கொண்டு தொட்டியின் வட்டத்திலேயே சுற்றியிருக்கும். காட்டுச் செடியின் வேரோ பாதியில் அறுந்து, மரப்பட்டையும் பாசியும் ஒட்டியபடி தொங்கும். இலையில் பூச்சி கடித்த பழைய தழும்புகள் வேறு.

விலையில் காட்டுச் செடிதான் மலிவு. மலிவாக இல்லாமல் என்ன செய்யும், வளர்த்த கூலி யாருக்கும் இல்லையே! நர்சரிக்காரர் விதையைக் குடுவையில் முளைக்கவைத்துப் பூவைப் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும். காட்டில் ஒரு காய்க்குள் தூசி போல ஆயிரக்கணக்கான விதைகள் இருந்தாலும், உரிய பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். பிய்த்த இடம் எளிதில் நிரம்பாது.

காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமோ ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் பட்டியலிட்டிருக்கிறது. இந்தியா 1976இலேயே அதில் சேர்ந்துவிட்டது.

பிழைப்பதிலும் வித்தியாசம் உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300ஐத் தொடாது. “ஒரு கொத்துதானே” என்று அக்கா கொண்டுவந்த காட்டுச் செடி சித்திரையைத் தாண்டவில்லை. நர்சரியில் வாங்கிய டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் மாடிப்படி நிழலில் மூன்றாம் முறை பூத்திருக்கிறது.

காட்டு இனங்களைப் பார்க்க மட்டும் ஆசையென்றால், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது.