தற்காப்பு எடுக்கும் புள்ளியா, ஹெஸ்டர் ஓடும் ஓட்டமா?

அமெரிக்கக் கால்பந்தில் பாஸ் வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் தயவில்லாமல் டச் டவுன் (எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தற்காப்பு அணி எதிரியின் பாஸை இடைமறித்தோ நழுவிய பந்தைப் பொறுக்கியோ எல்லைவரை ஓடிவிடுவது. மற்றொன்று, சிறப்பு அணி, ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃபையோ, முன்னேற முடியாத எதிரி பந்தை விட்டுக்கொடுத்து உதைக்கும் பன்ட்டையோ பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்துவிடுவது. ஸ்கோர்போர்டில் இரண்டுக்கும் அதே ஆறு புள்ளிதான். ஆனால் இரண்டும் சமமல்ல, தற்காப்பின் ஆறு புள்ளிக்குத்தான் எடை அதிகம் என்பது என் கட்சி. இதைச் சொல்லச் சிகாகோ பேர்ஸைவிடப் பொருத்தமான அணி கிடையாது.

2007 பிப்ரவரி 4, மயாமி. பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் மழையில் தொடங்குகிறது. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் ஆடம் வினாட்டியேரி உதைத்த முதல் பந்தைப் பேர்ஸின் டெவின் ஹெஸ்டர் பிடித்து 92 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். ஆட்டம் தொடங்கி 14 வினாடிகள்தான் ஆகியிருந்தன. சூப்பர் பௌல் வரலாற்றில் தொடக்க உதையே டச் டவுனாக முடிந்தது அதுதான் முதல் முறை. ஆனாலும் பேர்ஸ் 29-17 என்று தோற்றது. ஆட்டத்தை முடித்து வைத்தது நான்காம் காற்பகுதியில் வந்த இன்னொரு ஓட்டம். கோல்ட்ஸ் 22-17 என்று முன்னிலையில் இருந்தபோது பேர்ஸின் குவார்ட்டர்பேக் ரெக்ஸ் கிராஸ்மன் வீசிய பந்து உயரே மிதந்து போயிற்று. கோல்ட்ஸின் கெல்வின் ஹேடன் அதைத் தட்டிப்பறித்து, கோட்டுக்கு வெளியே கால் போகாமல் ஓரமாகவே 56 யார்டு ஓடினார். அதன் பிறகு சிகாகோவால் எழ முடியவில்லை.

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது என்பவர்களுக்காகச் சூப்பர் பௌல் பட்டியலையே விரிக்கலாம். 1983-இல் ஃபுல்டன் வாக்கர் தொடங்கி 2014-இல் பெர்சி ஹார்வின் வரை கிக்ஆஃபைப் பிடித்து டச் டவுன் போட்டவர்கள் பத்துப் பேர். அவர்களில் நால்வரின் அணிகளே கோப்பையை வென்றன. ஆறு பேர் ஓடியும் தோற்றார்கள். இடைமறிப்பு டச் டவுன் பக்கம் வாருங்கள். 2017 வரை அப்படிப் புள்ளி எடுத்த 12 அணிகளும் வென்றிருந்தன. அந்த ஆண்டு ஹூஸ்டனில் அட்லாண்டாவின் ராபர்ட் ஆல்ஃபோர்டு, நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி வீசிய பாஸைப் பறித்து 82 யார்டு ஓடிய பிறகும், 28-3 என்ற முன்னிலையைக் கோட்டைவிட்டு அட்லாண்டா 34-28 என்று தோற்றது. அந்தப் பட்டியலில் விழுந்த முதல் கரும்புள்ளி அது. 2025-இல் ஃபிலடெல்ஃபியாவின் கூப்பர் டிஜீன் தன் பிறந்தநாளிலேயே பேட்ரிக் மஹோம்ஸின் பாஸைப் பறித்து 38 யார்டு ஓடினார். அவருடைய அணி 40-22 என்று வென்றது.

ஏன் இந்த வேறுபாடு? கிக்ஆஃப் யாருக்கு வரும் என்று யோசித்தாலே பாதி விளங்கிவிடும். ஆட்டத்தின் இரு பாதிகளின் தொடக்கத்தைத் தவிர்த்தால், சற்றுமுன் புள்ளி கொடுத்தவருக்குத்தான் வரும். அடி வாங்கிய அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அதோடு, அந்தப் பந்து எப்படியும் உங்களுடையதே. ஓட்டம் நிகழாவிட்டாலும் உங்கள் தாக்குதல் அணி களமிறங்கி ஏதாவது செய்திருக்கும். இடைமறிப்பில் நடப்பது வேறு. எதிரி புள்ளி எடுக்கக் கிளம்பிய அந்த முறையையே அழித்து, அதிலிருந்து உங்கள் புள்ளியை எடுக்கிறீர்கள். அவர் எடுத்திருக்கக்கூடியதும் போயிற்று, நீங்கள் எடுத்ததும் சேர்ந்தது.

இரு ஓட்டங்களுக்கும் பொதுவான ஒரு விலையும் உண்டு. சற்றுமுன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த உங்கள் தற்காப்பு வீரர்களே உடனே மீண்டும் களத்தில் நிற்க வேண்டும். மயாமியில் கோல்ட்ஸ் 38 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன் வசம் வைத்திருந்தது. ஹெஸ்டரின் ஓட்டம் சிகாகோவின் தற்காப்புக்கு ஒரு நிமிடம்கூட ஓய்வு தரவில்லை.

என் கட்சிக்கு எதிராக ஒன்றை நானே சொல்லியாக வேண்டும். பின்தங்கிய அணிதான் துணிந்து பாஸ் வீசும். துணிந்து வீசும் பாஸ்தான் பறிபோகும். ஆகவே சில இடைமறிப்புகள் வெற்றிக்குக் காரணமல்ல, வெற்றியின் விளைவு. 2003-இல் சான் டியேகோவில் நடந்த சூப்பர் பௌலில் டாம்பா பே பக்கனியர்ஸ் ஓக்லண்டை 48-21 என்று நசுக்கியபோது மூன்று இடைமறிப்பு டச் டவுன்கள் வந்தன. அவற்றில் டெரிக் புரூக்ஸ் போட்டதும், டுவைட் ஸ்மித் இரண்டாவதாகப் போட்டதும் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் வந்தவை. அவை இல்லாவிட்டாலும் டாம்பாதான் வென்றிருக்கும். அதே ஆட்டத்தில் ஓக்லண்டும் ஒரு பன்ட்டைத் தடுத்து டச் டவுன் போட்டது; தோல்வியைத் தடுக்க அது போதவில்லை.

சிறப்பு அணியின் புள்ளி ஒரு பருவத்தையே தூக்கிவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஹெஸ்டரின் முதல் இரண்டு ஆண்டுகளே பதில். 2006-இல் வழக்கமான பருவத்தில் ஆறு முறை உதையைப் பிடித்து டச் டவுன் போட்டார்; பேர்ஸ் 13 வெற்றி, 3 தோல்வி. 2007-இலும் அதே ஆறு. நவம்பரில் டென்வருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஒரு பன்ட்டையும் ஒரு கிக்ஆஃபையும் டச் டவுனாக்கினார். ஆனால் பேர்ஸுக்கு அந்தப் பருவத்தில் 7 வெற்றி, 9 தோல்வி. ஹெஸ்டர் மாறவில்லை, தற்காப்பு மாறிவிட்டது: முதல் ஆண்டில் 255 புள்ளி மட்டும் விட்டுக்கொடுத்த அணி அடுத்த ஆண்டு 348 விட்டுக்கொடுத்தது.

அதற்காக ஹெஸ்டரைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. 20 டச் டவுன் ஓட்டங்களோடு ஓய்வுபெற்று, 2024-இல் புகழரங்கில் இடம்பெற்றவர் அவர். அவர் போட்ட டச் டவுன்களைவிட, போட்டுவிடுவாரோ என்ற பயம்தான் சிகாகோவுக்குப் பெரிய சொத்து. எதிரணிகள் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்தன, தரையோடு உருட்டிவிட்டன. மயாமியில் கோல்ட்ஸே அந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவருக்கு நேராக உதைக்கத் தயங்கியது. அப்படி அவரைத் தவிர்த்து உதைக்கும்போதெல்லாம் சிகாகோவுக்குக் களத்தில் நல்ல இடம் இலவசமாகக் கிடைத்தது. இது ஸ்கோர்போர்டில் ஏறாத லாபம்.

இரண்டும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2006 அக்டோபர் 16 இரவு நடந்த ஆட்டம் சாட்சி. அரிசோனாவில் முதல் பாதி முடிவில் பேர்ஸ் 0-20 என்று பின்தங்கியிருந்தது. கிராஸ்மன் அன்று பந்தை ஆறு முறை தாரை வார்த்தார். தாக்குதல் அணி ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. மூன்றாம் காற்பகுதியின் கடைசி வினாடிகளில் அரிசோனாவின் மாட் லைனர்ட் நழுவவிட்ட பந்தைப் பேர்ஸின் மைக் பிரவுன் எடுத்து டச் டவுன் போட்டார். பிறகு பேர்ஸின் பிரையன் உர்லாக்கர், அரிசோனாவின் எட்ஜெரின் ஜேம்ஸின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி எறிய, சார்லஸ் டில்மன் அதை எடுத்துக்கொண்டு 40 யார்டு ஓடினார். கடைசி மூன்று நிமிடத்துக்குள் ஹெஸ்டர் ஒரு பன்ட்டை 83 யார்டு கொண்டுபோனார். பேர்ஸ் 24-23. அந்த மூன்றில் பெயர் பெற்றது ஹெஸ்டரின் ஓட்டம். என் கண்ணில் நிற்பதோ உர்லாக்கரின் அந்தப் பிடுங்கல்தான். எதிரி நேரத்தைக் கரைத்து ஆட்டத்தை முடிக்க நினைத்த நேரத்தில் நடந்தது அது. அது இல்லாவிட்டால் ஹெஸ்டரின் ஓட்டம் வெறும் ஆறுதலாகவே முடிந்திருக்கும்.

தற்காப்பின் புள்ளியும் நிலையான வருமானம் அல்ல. 2012-இல் அதே சிகாகோ எட்டு இடைமறிப்பு டச் டவுன்கள் எடுத்தது. டில்மனும் லான்ஸ் பிரிக்ஸும் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆளுக்கொன்று போட்டார்கள். முதல் எட்டு ஆட்டங்களில் ஏழு வெற்றி. ஓட்டங்கள் குறைந்ததும் வெற்றிகளும் குறைந்தன. 10-6 என்று முடிந்தும் பருவத்துக்குப் பிந்தைய பிளே-ஆஃப் சுற்றுக்குப் போக முடியாமல், பயிற்சியாளர் லவ்வி ஸ்மித் பதவி இழந்தார். 2018-இல் பந்தைப் பறித்த எண்ணிக்கை 36. அடுத்த ஆண்டு 19. வெற்றிகள் 12-இலிருந்து எட்டாகின.

சரியான கலவைக்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு 2014 பிப்ரவரி சூப்பர் பௌலில் சியாட்டில் காட்டியது. அந்தப் பருவத்தில் 606 புள்ளி எடுத்துச் சாதனை படைத்திருந்த டென்வருக்கு எதிராக முதல் 12 வினாடிகளில் சேஃப்டி (எதிரியின் எல்லைப் பகுதியிலேயே பந்து முடங்கினால் கிடைக்கும் இரண்டு புள்ளி), பின்னர் மால்கம் ஸ்மித்தின் 69 யார்டு இடைமறிப்பு ஓட்டம், இரண்டாம் பாதியின் முதல் உதையிலேயே ஹார்வினின் 87 யார்டு. முடிவு 43-8. ஆனால் ஹார்வின் ஓடத் தொடங்கியபோதே சியாட்டில் 22-0 என்று முன்னிலையில் இருந்தது.

2011-இல் கிக்ஆஃப் இடத்தை 35 யார்டு கோட்டுக்கு முன்னகர்த்தியதும் ஓட்டங்கள் அருகின. 2024-இல் வந்த புதிய விதி அவற்றுக்கு மறுவாழ்வு தந்திருக்கிறது. அதனால் நல்ல ஓட்டக்காரரின் விலை ஏறும், ஏறட்டும். ஒரே ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், குவார்ட்டர்பேக்கை விரட்டி அவசரப்பட்டு வீசவைக்கும் வீரருக்கே நான் கொடுப்பேன். ஓட்டக்காரரின் கைக்கு ஆட்டத்தில் சில முறைதான் பந்து வரும். விரட்டுபவர் எதிரி பாஸ் வீச முயலும் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறார், டச் டவுன் வராத நாளிலும்.