நேரே மிக்சருக்குப் போகும் கிற்றார்: டிஎஸ்-1, ராற், டியூப் ஸ்கிரீமர் எது சரி?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கோயில் திருவிழா மேடை, கலியாண வீடு, ஆலயப் பாடற்குழு என்று எங்கே வாசித்தாலும் கிற்றாருக்கென்று தனி அம்ப் கிடைப்பது அபூர்வம். டிஸ்டோர்ஷன் பெடலிலிருந்து, அதாவது காலால் அழுத்திக் கிற்றார் சத்தத்தைக் கரடாக்கும் பெட்டியிலிருந்து, வயர் நேரே மிக்சருக்குப் போகும். டிஎஸ்-1, ராற், டியூப் ஸ்கிரீமர் மூன்றும் இத்தகைய பெடல்கள். பாடகரும் கீபோட்டும் ஒலிக்கிற அதே பெட்டியில்தான் கிற்றாரும் ஒலிக்கும். பெடல் விமர்சனங்களோ பெரும்பாலும் 12 அங்குல கிற்றார் ஸ்பீக்கரை முன்னால் வைத்துச் சொல்லப்படுபவை. அந்த ஸ்பீக்கரில் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் சத்தம் சடாரென்று விழுந்துவிடும். மேடைப் பெட்டியின் ஹோர்ன் 15,000 வரை தாராளமாகப் போகும். டிஸ்டோர்ஷன் பிறப்பிக்கும் கூரான மேல்சுரங்கள் எல்லாம் அதன் வழியே வெளியே வந்து, குளவிக்கூட்டில் கல்லெறிந்த மாதிரி இரையும்.

மிக்சரில் ஹை குமிழைக் குறைத்தால் போதாதா? சின்ன மிக்சர்களில் அது பெரும்பாலும் 10,000, 12,000 ஹேர்ட்ஸுக்காக வைத்தது. காதைக் கிழிப்பது 3,000 முதல் 6,000 வரையான பகுதி. அதை அந்தக் குமிழ் முழுதாகத் தொடாது. அதனால் இந்த மூன்று பெடல்களையும் ஒரே உரைகல்லில்தான் உரைக்க வேண்டும்: மேல்பகுதியை எது தானாக வெட்டுகிறது, வெட்டாததை எவ்வளவு வேலையில் வெட்டவைக்கலாம்?

போஸ் டிஎஸ்-1

1978 முதல் வரும் ஆரஞ்சுப் பெட்டி. உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் சத்தத்தை ஏற்றும், பிறகு ஒப்-அம்ப் என்ற சிப் இன்னும் ஏற்றும், அதன்பின் எதிரெதிராக நிற்கும் இரண்டு சிலிக்கன் டயோட்கள் (டி4, டி5) சுமார் 0.6 வோல்ற்றில் அலையின் தலையை வெட்டும். அந்த டயோட்களுக்குக் குறுக்கே சி10 என்ற 0.01 மைக்ரோபராட் கப்பாசிற்றர் இருக்கிறது. முன்னாலுள்ள 2.2 கிலோ ஓம் றெசிஸ்டரோடு சேர்ந்து அது 7,200 ஹேர்ட்ஸில் வெட்டத் தொடங்கும். கிற்றார் ஸ்பீக்கர் இருந்தால் அது போதும். நமது மேடைக்குப் போதாது. ரோன் குமிழ் வேறு 500 ஹேர்ட்ஸ் பக்கத்தில் குழி தோண்டிவிடுகிறது. தவிலும் கீபோட்டும் நிறைந்த மேடையில் கிற்றார் காணாமல் போவது இந்தக் குழியால்தான். வொலியூமை ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டுக்கும் மருந்து இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள். இருப்பது எதையும் கழற்ற வேண்டாம். போர்ட்டின் அடிப்பக்கத்தில், சி10-இன் இரண்டு ஈயப் புள்ளிகளுக்கும் குறுக்கே ‘103’ என்று அடித்த 0.01 பிலிம் கப்பாசிற்றர் ஒன்றை வையுங்கள். மொத்தம் 0.02 ஆகி, வெட்டு 3,600 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். அதேபோல சி11-க்குக் குறுக்கே ‘223’, அதாவது 0.022. ரோன் சுற்றின் மேல்பாதை 1,060 ஹேர்ட்ஸிலிருந்து சுமார் 530-க்கு இறங்கி, குழி ஆழம் குறையும். 30 வாற் சோல்டர் அயன், மெல்லிய ஈயம், ஒரு புள்ளிக்கு 3 செக்கன். அதற்கு மேல் சூடு பிடித்தால் செம்புப் பட்டை தூக்கிக்கொள்ளும், பிறகு ஒட்டாது. பின்மூடியைத் திறந்ததும் மணல் பருக்கை அளவுப் பாகங்கள் தெரிந்தால் அது எஸ்எம்டி போர்ட், பாகங்கள் மேற்பரப்பிலேயே ஒட்டியது. அயனை அணைத்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.

எல்லோரும் முதலில் செய்ய ஆசைப்படுவது எல்ஈடி மாற்றம். டயோட் ஒன்றைக் கழற்றி 3 மில்லிமீற்றர் சிவப்பு எல்ஈடி போடுவது. டயோட்டின் கோடு இருந்த பக்கத்துக்கு எல்ஈடியின் குட்டைக் கால் வரவேண்டும். சிவப்பு எல்ஈடி சுமார் 1.7 வோல்ற்றில்தான் வெட்டும் என்பதால் சத்தம் கூடும், அமுக்கம் குறையும். இரண்டையும் எல்ஈடி ஆக்கிவிட்டு டிஸ்டோர்ஷன் போய்விட்டது என்று முறையிடுவோர் உண்டு. அது பழுதல்ல, அப்படித்தான் வரும். மிக்சருக்கு நேரே போகிறவருக்கு இந்த மாற்றத்தால் பெரிய லாபமில்லை. இரைச்சலும் சேர்ந்தே உயரும்.

ராற்

இதன் பில்டர் குமிழ் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பத் திருப்ப மேல்பகுதி குறையும். வெட்டு தொடங்கும் இடம் இடக்கோடியில் 32,000 ஹேர்ட்ஸ், வலக்கோடியில் 475. மொட், அதாவது உள்ளே மாற்றம், எதுவும் செய்யாமலே நமது சிக்கலைத் தீர்க்க மூன்றில் எளிதானது இது. நண்பகல் நிலையில் தொடங்கி, சீறல் அடங்கும்வரை வலப்பக்கம் போங்கள். டிஸ்டோர்ஷன் குமிழை 10 மணிக்கு மேல் ஏற்ற அநேகமாகத் தேவையிராது.

குறை என்னவென்றால் அளவுக்கு மீறிய கெயின், அதாவது சத்தத்தை ஏற்றும் மடங்கு. உச்சத்தில் கணக்குப்படி 2,000 மடங்குக்கு மேல். சிங்கிள் கொயில் கிற்றாரோடு ரியூப் லைற் வரிசைக்குக் கீழே நின்றால் பாட்டுக்கு முன்னமே 50 ஹேர்ட்ஸ் முனகல் பாடத் தொடங்கிவிடும். இதற்கு ‘ரூட்ஸ் மொட்’ என்று பெயர் பெற்ற எளிய வேலை இருக்கிறது. 47 ஓம் றெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் தூக்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் 560 ஓம் வழியால் உச்சக் கெயின் சுமார் 180 மடங்காக இறங்கும். 1,500 ஹேர்ட்ஸுக்கு மேல் விசேடமாக ஏற்றிக்கொண்டிருந்த பாதையும் அடைபடுவதால் சத்தம் தடிக்கும். பிடிக்காவிட்டால் காலைத் திரும்ப ஒட்டலாம்.

பழைய எல்எம்308 ஒப்-அம்ப் தேடி அலைவது வீண். அதன் உற்பத்தி நின்று காலமாகிறது, போலிகளும் உலாவுகின்றன. இன்றைய ராற்றிலுள்ள ஓபி07-உம் அதே மெத்தன வேகம், மைக்ரோசெக்கனுக்கு 0.3 வோல்ற். அந்த மெத்தனம்தான் ராற்றின் சுபாவமே. வேகமான ரிஎல்071-ஐச் சொருகினால் அது போய்விடும்.

இன்னொரு சிக்கல் விமர்சனங்களில் வராது. ராற்றை அணைத்தால் கிற்றார் நேரே மிக்சரோடு தொடுபட்டுவிடும். மிக்சரின் லைன் உள்ளீட்டின் மின்தடை பொதுவாக 10, 20 கிலோ ஓம். கிற்றார் கேட்பது அதன் ஐம்பது மடங்கு. டிஸ்டோர்ஷன் போட்டால் நன்றாக இருக்கும், அணைத்தால் போர்வை மூடிய மாதிரி மந்தமாகும். டிஎஸ்-1-இல் இந்தத் தொல்லை இல்லை. அணைத்தாலும் உள்ளேயுள்ள பபர், அதாவது கிற்றாரை மிக்சரின் பாரத்திலிருந்து காக்கும் சுற்று, வேலை செய்துகொண்டே இருக்கும். பைலாவுக்குத் துலக்கமான ‘சக்கு சக்கு’ வெட்டுத் தாளமும் இடையிசைக்கு மட்டும் டிஸ்டோர்ஷனும் என்றால் இது பெரிய வித்தியாசம். ராற் வைத்திருப்பவர் பின்னால் ஏதாவது ஒரு போஸ் பெடலையோ டிஐ பெட்டியையோ (கிற்றாரை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது) போடலாம். மிக்சரில் ஹை-இசட் பொத்தான் (உள்ளீட்டைக் கிற்றாருக்கு ஏற்ற உயர் தடையாக்குவது) இருந்தால் செலவே இல்லை.

டியூப் ஸ்கிரீமர்

இதைத் தனியே டிஸ்டோர்ஷன் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். டயோட்கள் ஒப்-அம்பின் சுழற்பாதைக்குள் இருப்பதால் மெதுவாகவே கடிக்கும். 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே கெயின் குறைந்துகொண்டே போகும். 4.7 கிலோ ஓமோடு நிற்கும் 0.047 மைக்ரோபராட் கப்பாசிற்றரை 0.1 ஆக மாற்றினால் அது 340-க்கு இறங்கி, மெல்லிய கிற்றார் கொஞ்சம் சதை போடும். தனிச்சுரம் பாடுவதற்கு இனிமை. கனமான ரிதத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

எங்கள் கணிப்பு: பாட்டு முழுக்க டிஸ்டோர்ஷன் என்றால் 47 ஓம் கால் தூக்கிய ராற். கிளீனும் (டிஸ்டோர்ஷன் இல்லாத சத்தம்) டிஸ்டோர்ஷனும் மாறி மாறி வந்தால் இரண்டு கப்பாசிற்றர் சேர்த்த டிஎஸ்-1. கையில் இன்னும் காசு மிஞ்சினால் மூன்றாவது டிஸ்டோர்ஷன் வேண்டாம், கிற்றார் ஸ்பீக்கரைப்போல மேல்பகுதியை வெட்டும் ஸ்பீக்கர் சிமுலேற்றர் ஒன்றை எடுங்கள். நாம் சேர்க்கும் கப்பாசிற்றரின் வெட்டு சரிவானது. சிமுலேற்றரின் வெட்டு செங்குத்தானது.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பெடல்கள் 9 வோல்ற், நடுமுனை நெகற்றிவ். கீபோட் அடப்டர்களில் 12 வோல்ற், நடுமுனை பொசிற்றிவ் ஆனவை உண்டு, முனை அப்படியே பொருந்தும். இருட்டில் மாறிக் குத்தினால் பாதுகாப்பு டயோட் கருகும். ஜெனரேற்றர் மேடையில் 9 வோல்ற் பற்றரிதான் அமைதியானது. வாசித்து முடிந்ததும் கிற்றார் வயரைப் பெடலிலிருந்து பிடுங்குங்கள். குத்தியபடி விட்டால் பெடல் அணைந்திருந்தாலும் பற்றரி இறங்கும்.

கல்லடி, பாசிக்குடா, திருக்கோவில் பக்கம் வீடென்றால் உப்புக்காற்று ஜக்கையும் குமிழ்களையும் அரிக்கும். ‘கரகர’ கேட்டால் மொட் பிழைத்துவிட்டது என்று அயனை எடுக்கவேண்டாம். முதலில் கொன்ராக்ற் கிளீனரைக் குமிழின் உள்ளே சொட்டு விட்டு, இருபது தடவை முழுவதும் திருப்பிப் பாருங்கள்.