லண்டன் ஹாரோவில் வீடு வாங்கியபோது எங்களுக்கு வாய்த்த சொலிசிட்டர்

லீஸ்ஹோல்டு ஃபிளாட் ஒன்று வாங்கினோம், அதாவது நிலம் வேறொருவருடையது, லீஸில் உள்ள வருஷங்களுக்குத்தான் நமக்கு உரிமை. சொத்தைப் பெயர் மாற்றும் சட்ட வேலையை, அதாவது கன்வேயன்சிங்கை, கடைத்தெரு மாடியில் இருக்கும் ஒரு சின்ன சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலகத்தில் கொடுத்தோம். எஸ்டேட் ஏஜென்ட் வேறொரு பெரிய நிறுவனத்தைத்தான் விடாமல் சிபாரிசு செய்தார். ஆள் அனுப்பினால் கமிஷன் உண்டா என்று கேட்டேன். உண்டு, வழக்கம்தானே என்றார். ஏஜென்ட் விற்பவருடைய ஆள். எனக்கு வேலை பார்க்கப் போகிறவரை அவர் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

அந்த நிறுவனத்தின் கொட்டேஷன் மேலோட்டமாகப் பார்த்தால் மலிவு. கீழே போனால் லீஸ்ஹோல்டு என்பதற்குத் தனி, மார்ட்கேஜுக்குத் தனி, ஸ்டாம்ப் டியூட்டி படிவத்துக்குத் தனி, பணம் அனுப்பக்கூடத் தனி. எங்கள் சொலிசிட்டரோ தன் வேலைக்கு எல்லாம் சேர்த்து 1,400 பவுண்டு, அதற்கு மேல் வாட் வரி, சொத்தைப் பற்றி விசாரிக்கும் 'search' கட்டணங்கள், சொத்துரிமையைப் பதியும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் கட்டணம் என்று ஒரே தாளில் எழுதித் தந்தார். கடைசி பில் அதைத் தாண்டவில்லை.

ஆனால் நான் இவரைச் சொல்வது பில்லுக்காக இல்லை. லீஸை முழுக்கப் படித்தார், அதற்காக. ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, பிளானை மேசையில் விரித்து, எங்களுக்குச் சேரும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டிக்கொண்டு போனார். சுவர், பால்கனி, மறுபடி சுவர், அவ்வளவுதான். ஏஜென்ட் எங்களுக்கு நடந்துபோய்க் காட்டிய பார்க்கிங் இடம் கோட்டுக்கு வெளியே கிடந்தது. அது கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜ்மென்ட் கம்பெனி கொடுத்த அனுமதி மட்டும்தான், அதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். லீஸில் மீதி 83 வருஷம் என்பதையும் எடுத்துச் சொன்னார்: 80க்குக் கீழே இறங்கிவிட்டால் நீட்டிக்கும்போது மேரேஜ் வேல்யூ என்று நிலச் சொந்தக்காரருக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். இந்த இரண்டையும் வைத்துப் பேசித்தான் விலையைக் குறைத்தோம். இரு தரப்பையும் கட்டிப்போடும் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டிருந்தால் பேச வாய்ப்பே இல்லை. அதன் பிறகு பின்வாங்கினால் டெபாசிட்டாகக் கட்டும் 10 சதவீதம் போச்சு.

குறையும் உண்டு. ஈமெயிலுக்குப் பதில் வராது. வெள்ளிக்கிழமை ஆளைப் பிடிக்கவே முடியாது, பாதி இங்கிலாந்து புது வீட்டுச் சாவி வாங்குவது அன்றைக்குத்தான்! போன் போட்டால் உதவியாளர் எடுத்து, குறித்துக்கொள்கிறேன் என்பார். அவசரக்காரர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் கறார்: பணம் அனுப்பும் கணக்கு எண்ணைக் காகிதத்தில் கையில் கொடுத்து, 'மாறிவிட்டது என்று ஈமெயில் வந்தால் அது மோசடி, எனக்குப் போன் செய்யுங்கள்' என்றார்.

யாரிடம் போனாலும் சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ. தளத்தில் பெயரைத் தேடிவிடுங்கள். சொலிசிட்டராக இல்லாமல் இந்த வேலைக்கு உரிமம் பெற்ற லைசன்ஸ்டு கன்வேயன்சர் என்றால், அவர்களைக் கண்காணிக்கும் சி.எல்.சி. தளத்தில். அப்புறம், ஃபைலை யார் கையால் பார்ப்பார்கள் என்று முதல் போனிலேயே கேளுங்கள்.

லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் எங்கள் பெயர் இன்னும் ஏறவில்லை. அது அங்கே இருக்கும் வரிசை, இவர் மேல் தப்பில்லை. ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று அந்த ஈமெயில்களுக்கு.