"டிரைவ் செத்துப்போச்சு"ன்னு 6,500 கறந்துட்டாங்க, உஷார்

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில, நல்லா இருந்த ஹார்ட் டிஸ்க்கை 'டெட்'னு சொல்லி புதுசை மாட்டி 6,500 வாங்கிட்டாங்க. பழுதை உண்டாக்கினதே அவங்கதான்.

முந்தின நாள் அதே கடையிலதான் கூடுதலா ஒரு எம்.2 டிரைவ், அதாவது மதர்போர்டுலயே நேரா செருகுற சின்ன ஸ்டோரேஜ் அட்டை, போட்டது. வீட்டுல ஆன் பண்ணினா கறுப்புத் திரை. 'எரர்: நோ சச் டிவைஸ்', பின்னால நீளமா ஒரு யூயூஐடி (அடையாள எண்), கீழே 'கிரப் ரெஸ்கியூ'. கிரப்ங்கிறது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏத்தி விடுற புரோகிராம். திரும்பத் தூக்கிட்டுப் போனா, கவுன்ட்டர்ல இருந்தவர் அந்த வரியை விரலால தொட்டுக் காட்டி, "டிவைஸே இல்லைன்னு அதுவே சொல்லுது பாருங்க சார்"ன்னார். ஏமாந்தது அந்த நொடியிலதான். கண்ணு முன்னால எழுத்தா இருக்கேன்னு தலையாட்டியாச்சு.

அந்த வரிக்கு டிஸ்க் செத்துடுச்சுன்னு அர்த்தமே இல்ல. இந்த எண்ணுள்ள பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்குல பிரிச்சு வச்ச பகுதி, என் கண்ணுல படலைன்னு கிரப் சொல்லுது, அவ்வளவுதான். இந்த மெஷின்ல கிரப் ஏறுறது சின்ன எஸ்எஸ்டியிலிருந்து, அதோட ஃபைல்கள் இருக்கிறது பெரிய ஹார்ட் டிஸ்க்ல. ரெஸ்கியூ வரியில 'எல்எஸ்'னு பட்டியல் கேட்கிற கட்டளையை அடிச்சிருந்தா எச்டி0, அதாவது அந்த எஸ்எஸ்டி, அதோட பார்ட்டிஷன்கள், அப்புறம் பார்ட்டிஷனே இல்லாம எச்டி1, அதாவது புது எம்.2, இவ்வளவுதான் வந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் பட்டியல்லயே இருந்திருக்காது. ஆன் பண்ணினதும் மதர்போர்டுல முதல்ல ஓடுற பயாஸ் எதைக் காட்டுதோ அதைத்தான் கிரப் பார்க்கும். அப்போ கேபிள், பவர், போர்ட் மூணையும்தான் முதல்ல பார்க்கணும்.

பல மதர்போர்டுல எம்.2 ஸ்லாட்டும் ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகுற ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட்டும் ஒரே லேனை, அதாவது டேட்டா போற பாதையை, பங்கு போட்டுக்கும். ஸ்லாட்ல டிரைவ் ஏறினதும் அந்த போர்ட் தானா அணைஞ்சிடும். மேனுவல்ல பொடி எழுத்துல அடிக்குறிப்பா இருக்கும். இந்த மதர்போர்டுல அணையறது 5, 6-ம் நம்பர் போர்ட். ஹார்ட் டிஸ்க் இருந்தது 5-ல. கடைக்காரங்க புதுசை மாட்டினது 2-ல. வேலை செய்யாம என்ன பண்ணும்? கேபிளை மாத்திச் செருக அரை நிமிஷம், அதுக்கு 6,500!

பழைய டிஸ்க்கைச் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 3-ல செருகினதும் பார்ட்டிஷன் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு பண்ணி வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல ரீஅலொகேட்டட் (கெட்டுப்போய் மாத்தின இடம்) 0, பெண்டிங் செக்டர் (கெட்டிருக்கலாம்னு சந்தேகப்படுற இடம்) 0.

திரும்பக் கேட்டா, "எங்க டெஸ்ட்ல காட்டலையே சார்." மறுநாள், "பார்த்த டெக்னீஷியன் லீவு." அதுக்கடுத்த நாள், "சீல் பிரிச்ச டிரைவை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

என்னென்ன செக் பண்ணணும்னு முழுசா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்ல. டிரைவ் போச்சுன்னு யார் சொன்னாலும் வேற போர்ட்ல, வேற கேபிள்ல உங்க முன்னாடியே செருகிக் காட்டச் சொல்லுங்க. ஸ்மார்ட் ரிப்போர்ட் பார்க்காம காசை எடுக்காதீங்க. அதுல 'சிஆர்சி எரர்', அதாவது டேட்டா வழியில சிதைஞ்ச தடவைகளோட எண், ஏறிக்கிட்டே இருந்தா பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. எதையாவது புதுசா மாட்டின மறுநாளே பழுது வந்தா, மாட்டினதைக் கழட்டிட்டு ஒருதடவை ஆன் பண்ணிப் பாருங்க. பழைய டிஸ்க்கை மட்டும் கடையில விட்டுட்டு வந்துடாதீங்க, உங்க டேட்டா மொத்தமும் அதுலதான் இருக்கு.

பில்லுல 'டிரைவ் ஃபெயிலியர், 6,500'ன்னு கையெழுத்தோட இருக்கு. நாளைக்கு அந்த டிஸ்க்கையும் பில்லையும் எடுத்துக்கிட்டு மறுபடி போறேன்.