வன்னியில் கூட்டுப் பண்ணைப் பங்கு வாங்க நினைப்பவர்களுக்கு

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு கூட்டுப் பண்ணையில் பங்கு இருக்கிறது என்று யாராவது உங்களிடம் வந்தால், காசைக் கொடுக்க முன் இதை ஒருக்கால் வாசியுங்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு பங்குக்கான காசு போய்விட்டது. ஒன்று என்னுடையது, மற்றது கனடாவில் இருக்கும் தங்கச்சியுடையது. பங்கொன்று ஆறு இலட்சம் ரூபாய். அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் பூநகரிப் பக்கம் ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை.

திட்டம் கேட்க நல்லாகத்தான் இருந்தது. நாற்பது ஏக்கர் காணி. ஒவ்வொரு பங்காளிக்கும் வீடு கட்டவும் தோட்டம் செய்யவும் அரை ஏக்கர், அதாவது எட்டுப் பரப்பு. மிச்சமெல்லாம் பொதுக்காணி. அதில் கச்சான், உழுந்து, பயறு, கரையில் மரமுந்திரிகை. பொதுவாக ஒரு கிணறு, மாட்டுப்பட்டி, உழவு இயந்திரம். அங்கேயே இருந்து வேலை செய்பவர்களுக்குக் கூலி, வெளியில் இருப்பவர்களுக்கு வருட இலாபத்தில் பங்கு. முடிவெல்லாம் அங்கத்தவர்கள் கூடி எடுப்பது. பேச வந்தவர் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், வெள்ளைச் சேட்டு, மெல்லிய குரல். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. கூட வந்த இரண்டு பெடியள் கணினியில் படம் காட்டினார்கள்.

படத்தின் முதல் பக்கத்திலேயே காந்தியம் அமைப்பைப் பற்றி எழுதியிருந்தது. வன்னியில் என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் மனம் இளகும். டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் வவுனியாவில் இருந்து நடத்திய அமைப்பு அது. 1977 கலவரத்தில் அடிபட்டு வந்த மலையகக் குடும்பங்களை இந்தப் பக்கம் குடியமர்த்திப் பண்ணைகள் அமைத்துக் கொடுத்தவர்கள். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தப் பெயரைத் தன் விளம்பரத்தில் போடுகிறவன் காசுக்காக வந்தவனாக இருக்கமாட்டான் என்றுதான் யாருக்கும் தோன்றும். கூட்டுறவு என்றாலும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் நிவாரணம் கொடுத்தது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைதான். அந்த நம்பிக்கை இன்னும் சனத்திடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

காணி பார்க்கக் கிளிநொச்சியில் இருந்து வானில் கூட்டிப் போனார்கள். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் கச்சான் வாங்கித் தந்தார்கள். “அண்ணை, அடுத்த வருசம் இந்தக் கடையளுக்கே எங்கட கச்சான்தான் வரும், பாருங்கோ” என்றான் ஒரு தம்பி. காணியும் குறை சொல்ல முடியாத காணி. கட்டுக்கிணற்றில் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் நின்றது. பின்பக்கம் பாலையும் வீரையும் முதிரையுமாக மரங்கள். கொட்டிலில் ஒரு வயதான ஐயா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். காவலாளி என்று அறிமுகப்படுத்தினார்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்திரங்களைக் கேட்டோம், காட்டவும் காட்டினார்கள். ஒரு காணி அனுமதிப்பத்திரத்தின் போட்டோக்கொப்பி, அதாவது அரச காணியில் இருந்து பயிர் செய்ய அரசு தருகிற, நாங்கள் பெர்மிட் என்று சொல்வது. ஒரு அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். தனியார் நில அளவையாளர் ஒருவர் கீறிய வரைபடம், துண்டு துண்டாக இலக்கம் போட்டு. கம்பனிப் பதிவுச் சான்றிதழ். கடைசியாக நாங்கள் காசு கட்டியதும் தருகிற பங்குச் சான்றிதழின் மாதிரி, சிவப்பு முத்திரையோடு. இதில் ஒன்றுகூடக் கள்ளப் பத்திரம் இல்லை. பெர்மிட் உண்மை, அற்றோணித் தத்துவம் உண்மை, கம்பனியும் உண்மையாகவே பதிந்த கம்பனி. ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பே இல்லை. பெர்மிட் யாரோ ஒருவரின் பெயரில். கம்பனிக்கு அந்தக் காணியில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை. வரைபடத்தில் இருந்த நாற்பது ஏக்கரும் பெர்மிட்டில் இல்லை. எங்கள் சான்றிதழ் கம்பனியில் பங்கு என்று சொல்கிறதே தவிர, காணி என்ற சொல்லே அதில் கிடையாது. ஐந்தையும் ஒரு பைலில் போட்டு, மேலே பண்ணையின் படத்தை ஒட்டிக் கையில் தரும்போது, பார்க்கிறவர் தானாகவே ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொள்வார். சட்டம் படித்த உறவினர் ஒருவரிடமும் காட்டினேன். அவரும் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு ‘ஒறிஜினல் மாதிரித்தான் இருக்கு’ என்றார்.

முதல் மாரியில் கச்சான் போட்டார்கள். வட்ஸ்அப் குழுவில் தினமும் படம் வரும். பிறகு யானை வந்து அழித்துவிட்டது, மின்சார வேலி போட வேண்டும், பங்குக்கு இருபத்தையாயிரம் என்றார்கள். கட்டினோம். வேலி வரவில்லை. யானை வந்தது பொய் இல்லை, அந்தப் பக்கம் யானைக்குக் குறைவில்லை. இலாபப் பங்கைப் பற்றிக் கேட்டால், இந்த வருசம் முதலீட்டு வருசம் என்பார்கள். கூட்டம் ஒன்று வைத்தார்கள். அதில் கை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினோம், எதற்கு என்று கேட்டவர்களை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

பிறகு நடந்ததுதான் இதில் பெரிய விசயம். மீன் வளர்க்கக் குளம் வெட்டுகிறோம் என்று பெக்கோ, அதாவது மண் வெட்டும் இயந்திரம், இறக்கினார்கள். குழுவில் படம் போட்டார்கள், எல்லோரும் கைகூப்பும் படம் போட்டு வாழ்த்தினார்கள். அந்தப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவர்தான் போன் எடுத்தார். “குளமோ? இரவிரவா டிப்பர் போகுது, கிரவல் அள்ளுறாங்கள்” என்றார். போய்ப் பார்த்தேன். மூன்றாள் ஆழத்துக்குக் குழி. பின்பக்கத்து முதிரை மரங்களில் பாதி இல்லை. கிரவல் அள்ளப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். முதிரை தறிக்கவும் ஏற்றவும் தனித்தனி அனுமதி வேண்டும். ஒன்றும் இருக்கவில்லை. என் கணிப்பில், பங்கு விற்ற காசு இவர்களுக்கு மேலதிகம்தான். அங்கத்தவர்கள் இருக்கிற பண்ணை என்று ஊருக்குக் காட்டிவிட்டு மண்ணையும் மரத்தையும் ஏற்றுவதுதான் தொழில். ஒரு பெயர்ப்பலகையும் நாற்பது பேரின் படமும் இருந்தால், டிப்பர் ஏன் போகிறது என்று கேட்க ஊரில் ஆட்கள் தயங்குவார்கள்.

விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போனோம். அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார். அங்கே காணி உத்தியோகத்தர் பெர்மிட் இலக்கத்தைப் பார்த்ததும் பேரேட்டை எடுத்து வந்து காட்டினார். பெர்மிட் ஐந்து ஏக்கருக்குத்தான். மிச்சம் அரச காணி, அதிலும் பின்பகுதி வன இலாகாவின் எல்லைக்கல்லுக்கு உள்ளே. நாங்கள் கைகூப்பி வாழ்த்திய குளம் இருந்தது காட்டில்.

அந்த ஐந்து ஏக்கரையும்கூட விற்க முடியாது. வன்னியில் காணி வாங்க நினைக்கிற எல்லோரும், முக்கியமாக யாழ்ப்பாணத்து உறுதிக் காணியோடு, அதாவது உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணியோடு, பழகினவர்கள், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. பெர்மிட் காணியைப் பெர்மிட்காரர் விற்க முடியாது. பெர்மிட் பிறகு அளிப்புப் பத்திரமாக, அதாவது அரசு தரும் உரிமைப் பத்திரமாக, மாறினாலும், பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. துண்டு போடுவதற்கும் இதற்குக் கீழே பிரிக்கக்கூடாது என்று ஒரு அளவு உண்டு. அற்றோணித் தத்துவம் இருக்கே என்பார்கள். கொடுத்தவருக்கு இல்லாத உரிமை வாங்கினவருக்கு எங்கிருந்து வரும்? உறுதிக் காணி என்றாலும், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் கைமாற்றம். சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

அந்தத் தேத்தண்ணி ஐயாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பெர்மிட் அவருடையது. காவலாளி என்று எங்களுக்குக் காட்டிய ஆள்தான் காணிக்காரர். 1977க்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து, காடு வெட்டி, இடம்பெயர்ந்து, 2009க்குப் பிறகு முகாமில் இருந்து திரும்பி வந்து குந்தினவர். மூன்று போகத்துக்குக் கச்சான் போடக் குத்தகை என்று சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கையில் கொடுத்தது எண்பதாயிரம். அது அற்றோணித் தத்துவம் என்று அவருக்குத் தெரியாது. இப்போது நிபந்தனையை மீறினார் என்று அவருடைய பெர்மிட்டை இரத்துச் செய்யலாமா என்று விசாரணை நடக்கிறது. எங்களுக்குப் போனது காசு. அவருக்குப் போகப்போவது இருக்கிற இடம். ‘தம்பி, நீங்கள் எல்லாம் வேலைக்கு வந்த ஆக்கள் எண்டல்லோ நினைச்சன்’ என்றார். காந்தியம் யாரைக் குடியமர்த்தியதோ அந்தச் சனத்தில் ஒருவர்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனி விசயம். தங்கச்சி கனேடியப் பிரசை, இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடையில்லை. வெளிநாட்டவர் பங்கு அரைவாசியோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் தடை. இதைக் கேட்டதற்கு, ‘அக்காவின்ர பங்கை நாங்கள் எங்கட பெயரில பிடிச்சு வைக்கிறம்’ என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரரிடம் பங்குக்கு எங்களை விட இரண்டு மடங்கு வாங்கினார்கள் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. தங்கச்சியிடம் உள்ளூர் விலை வாங்கியது எனக்குச் செய்த சலுகையாம்.

கூட்டுறவு என்று சொன்னார்களே, அதையும் விசாரித்தேன். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கம் என்றால் பதிவு இலக்கம் இருக்கும், உபவிதிகள் இருக்கும், ஒரு அங்கத்தவருக்கு ஒரு வாக்கு, கணக்கைக் கூட்டுறவுத் திணைக்களம் பார்க்கும். இவர்களிடம் இருந்தது 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் கம்பனி. பணிப்பாளர்கள் மூன்று பேரும் ஒரே வீட்டுக்காரர்கள். தனியார் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது, பங்காளிகள் ஐம்பதைத் தாண்டவும் கூடாது. முகநூலில் விளம்பரம் போட்ட நாளிலேயே அது பிழை. எங்கள் பெயர்கள் கம்பனியின் பங்குப் பதிவேட்டில் ஏறவே இல்லை என்று கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் எடுத்த பிரதிகளில் தெரிந்தது. ஆக, காணியிலும் பங்கில்லை, கம்பனியிலும் பங்கில்லை.

காசைத் திருப்பிக் கேட்டால், பங்கை வாங்க ஒரு ஆளை நீங்களே கொண்டு வாருங்கள் என்கிறார்கள். எங்களைப் போல இன்னொருவரைப் பிடித்துக் கொடுத்தால் எங்களுக்குக் காசு வரும். சிலர் அப்படிச் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். யாரென்று எழுதவில்லை, ஆனால் அவர்களோடு எனக்குக் கதையில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, வழக்குப் போடுங்கள் என்று எழுதித் தந்தார்கள். சட்டத்தரணியைப் பிடித்து வழக்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்போது வாங்க யோசிக்கிறவர்கள், பெர்மிட் இலக்கத்தையும் அளவையும் எழுதிக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு நேரில் போங்கள். உறுதிக் காணி என்று சொன்னால் காணிப் பதிவகத்தில் உங்கள் பக்கத்து ஆளை வைத்துத் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, தேடுங்கள், விற்கிறவர் தேடித் தரும் பிரதி வேண்டாம். தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், செல்லும் காணி என்றால், பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்க முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தார்களா என்றும் கேளுங்கள். காணியில் கொட்டில் போட்டு இருப்பவர் யார் என்று, கூட்டிப் போனவர்கள் இல்லாத நேரத்தில் தனியே போய் அவரிடமே கேளுங்கள்.

ஏற்கெனவே காசு கட்டினவர்களுக்கு: ‘விரும்பி விலகுகிறேன்’ என்று ஒரு கடிதம் அனுப்பி, கையெழுத்து வைத்தால் எழுபது வீதம் தருவோம் என்கிறார்கள். அதில் மூன்றாவது பந்தியைப் பாருங்கள், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருக்கிறது, எந்தத் திகதிக்குள் காசு தருவார்கள் என்று இல்லை. கையெழுத்து வைக்க வேண்டாம். வங்கியில் கட்டிய சிட்டை, வட்ஸ்அப் செய்திகள், குளம் வெட்டிய படங்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். அவர்கள் குழுவைக் கலைக்கப் போகிறார்கள் என்று கதை அடிபடுகிறது, அதற்கு முன் பிரதி எடுத்துவிடுங்கள். ஒன்றாக வழக்குப் போட வர விரும்புகிறவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், பற்றுச்சீட்டின் பிரதியோடு.