ஆடியாலஜி படிக்கலாமா? படித்து முடித்து மலைக்குத் திரும்பியவளின் விமர்சனம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் படுகர் ஊரில், யாராவது மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். "அக்கா, நீங்க படிச்சீங்களே, அந்தக் காது படிப்பு, அது நல்ல படிப்பா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இளநிலை, முதுநிலை இரண்டையும் மலைக்குக் கீழே, சமவெளியில் ஒரு தனியார் கல்லூரியில் முடித்தேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். இப்போது குன்னூரில் பெட்போர்டு பக்கம் ஒரு மாடி அறையில் கிளினிக் நடத்துகிறேன்.

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். இளநிலைப் பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி. மூன்று வருடம் வகுப்பு, நான்காவது வருடம் இன்டர்ன்ஷிப். பேச்சு, மொழி, செவி மூன்றும் இதில் அடக்கம். முதுநிலை இரண்டு வருடம். அங்கே ஆடியாலஜி ஒரு வழி, ஸ்பீச் இன்னொரு வழி என்று பிரியலாம். படித்தபின் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்யாமல் தொழில் செய்யக் கூடாது. இது 1992-ஆம் வருடச் சட்டம். சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். "வந்துவிடும், விண்ணப்பித்திருக்கிறோம்" என்று சொன்னால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அப்புறம், இயற்பியலுக்குப் பயந்து இங்கே வருபவர்களுக்கு: டெசிபல் என்பது லாகரிதம். முதல் வருடத்திலேயே எதிரில் வந்து நிற்கும்.

இந்தப் படிப்பின் உயிர் கிளினிக் போஸ்டிங், அதாவது நிஜ நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. வகுப்பறை சுமார், கிளினிக் அருமை. பியூர் டோன் ஆடியோமெட்ரி பார்க்க எளிது. நோயாளியைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்த வேண்டும். கேட்டால் 10 டெசிபல் இறக்கு, கேட்காவிட்டால் 5 ஏற்று. இதை அரை மணியில் யாரும் கற்றுக்கொள்ளலாம். மாஸ்கிங்கில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். ஒரு காது நன்றாக இருந்து மற்றது மோசமாக இருந்தால், மோசமான காதுக்குள் விடும் ஒலி மண்டை ஓட்டு வழியாகப் போய் நல்ல காதுக்குக் கேட்டுவிடும். சாதாரண ஹெட்போன் என்றால் 40 டெசிபல் வித்தியாசத்திலேயே இந்தச் சந்தேகம் வர வேண்டும். நல்ல காதில் இரைச்சலை ஓடவிட்டு அதைக் கட்டிப்போட்டால்தான் மற்ற காதின் உண்மை தெரியும். இதைச் சரியாகச் செய்யாதவர் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பி, அறவே கேட்காத காதுக்குக் காதுமெஷின் வாங்கி வந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். எங்கள் சூப்பர்வைசர் மேடம் மாஸ்கிங் இல்லாத ஆடியோகிராமை, அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, பார்த்தால் கையெழுத்துப் போட மாட்டார். நோயாளியை மறுபடி உள்ளே கூப்பிடச் சொல்வார். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று என் சோறு அதில்தான்.

குழந்தைகளுக்கான சோதனை இன்னொரு சுகம். மூன்று வயதுக் குழந்தையிடம் கை தூக்கச் சொன்னால் தூக்காது. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு வளையத்தைக் குச்சியில் போடு என்று விளையாட்டாகப் பழக்க வேண்டும். குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துப் போடுகிறதா, கேட்டுத்தான் போடுகிறதா என்று கண்டுபிடிக்கப் புத்தகம் உதவாது. நூறு குழந்தைகளோடு தரையில் உட்கார வேண்டும். ஸ்பீச் போஸ்டிங்கில் பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைப் பார்ப்போம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார், "முருகா" என்று தெளிவாகச் சொல்வார். எதிரில் நிற்கும் மனைவியின் பெயர் மட்டும் வராது. பழகிப்போன சொற்கள் மூளையில் வேறு வழியாக வருகின்றன என்று பாடத்தில் படித்ததைவிட அந்த அம்மாவின் முகத்தில் படித்தது அதிகம்.

அதனால்தான் சொல்கிறேன்: கட்டடத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கல்லூரி மருத்துவமனையோடு ஒட்டியது. கழிப்பறை மோசம், ஹாஸ்டல் சாம்பார் அதைவிட மோசம், ஆனால் காலை எட்டு மணிக்கே வராந்தாவில் நிற்க இடம் இருக்காது. என்னோடு முதுநிலை படித்த ஒரு தோழி வேறு கல்லூரியில் இளநிலை முடித்தவள். கண்ணாடிச் சுவர், ஏசி, புத்தம் புது கருவிகள் எல்லாம் அங்கே உண்டு. நோயாளி மட்டும் இல்லை. ஒருவர் காதை ஒருவர் சோதித்து, சோதித்தவர்களைப் பதிவு செய்யும் லாக் புக்கை நிரப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இருபது வயது, எல்லோருக்கும் நல்ல காது. அவள் முதல் முறை நிஜமான செவிக்குறைவைச் சோதித்தது முதுநிலையில்தான்.

இனி குறைகள். படிப்பு முழுக்கச் சத்தம் புகாத அறையை நம்பி நிற்கிறது. என் அறைக்கு மேலே தகரக்கூரை. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் 250, 500 ஹெர்ட்ஸ் அளவுகளை நம்ப முடியாது, கூரை இரைச்சல் அந்தத் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். காதுக்குள் செருகும் இயர்போன் ஓரளவு காப்பாற்றுகிறது. மிச்சத்துக்கு மழை விடும்வரை காத்திருக்கிறேன், வந்தவருக்கு வர்க்கி வாங்கித் தருகிறேன். அறை இல்லாத ஊரில் எப்படிச் சோதிப்பது என்று ஒரு பாடவேளைகூட நடந்ததில்லை. ஈரத்துக்கும் அதே கதை. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில், காதுக்குள் பொருந்தும் அச்சையும் மெஷினையும் இணைக்கும் குழாயில், பனிக்காலத்தில் ஒரு சொட்டு நீர் கோத்தால் போதும், சத்தம் நின்றுவிடும். "மெஷின் செத்துப்போச்சு" என்று கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். குழாயைக் கழற்றி ரப்பர் பல்பால் ஊதினால் உயிர் வந்துவிடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வை என்பதை மெஷின் விற்கும்போதே சொல்ல வேண்டும். பாடத்தில் அது அரை வரி.

எனக்குக் கோபம் வரும் இடம் டீ ஃபேக்டரி. தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர் பக்கத்தில் இருபது, முப்பது வருடம் நின்றவர்களின் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், 8000-இல் சற்று மேலேறும். வயதால் வரும் குறைவு அப்படி மேலேறாது, சரிந்துகொண்டே போகும். இந்த வித்தியாசத்தை அழகாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இரைச்சலால் வரும் செவிக்குறைவு 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது, அதாவது அறிவிக்க வேண்டிய தொழில்நோய் என்பதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. "இந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு நான் யார்கிட்ட போகணும்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டால் சொல்ல வேண்டியதை யாரும் வகுப்பில் சொல்லவில்லை. நானாகத்தான் அலைந்து தெரிந்துகொண்டேன்.

மொழி விஷயமும் உண்டு. உச்சரிப்புச் சோதனைப் படங்கள், சொற்பட்டியல் எல்லாம் எனக்குத் தமிழில் கிடைத்தன. மைசூர் போனால் கன்னடத்திலும் கிடைக்கும். என் தாய்மொழி படுகு. நாக்கை வளைத்துச் சொல்லும் உயிரொலிகள் அதில் உண்டு என்று மொழியியலாளர் எமனோ 1939-லேயே எழுதினார். எங்கள் பாட்டிமார் பேச்சில் அது இருக்கிறது. பேத்தி அப்படிச் சொன்னால் தமிழ்ச் சோதனைப்படி அது பிழையா? கீழே படித்த என் சூப்பர்வைசருக்கும் பதில் தெரியவில்லை. இதைக் கல்லூரியின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலையிலிருந்து போகிறவர்கள் டிசர்ட்டேஷனுக்கு இதை எடுக்கலாம், தலைப்பு காலியாகக் கிடக்கிறது.

முதுநிலை தேவையா என்றும் கேட்கிறார்கள். பாடம் நடத்த வேண்டுமா, காக்ளியர் இம்பிளான்ட் மேப்பிங் (உட்காதில் பொருத்திய கருவியை அவரவருக்கு ஏற்பச் சரிசெய்வது), தலைசுற்றல் கிளினிக் என்று ஆழமாகப் போக வேண்டுமா, படியுங்கள். கிளினிக் வைப்பதுதான் எண்ணம் என்றால் இளநிலை முடித்து முதலில் எங்காவது வேலை பாருங்கள். நான் நேராகச் சேர்ந்தேன். முதுநிலையின் முதல் வருடத்தில் பாதி, இளநிலையின் மூன்றாம் வருடத்தையே தடித்த புத்தகத்தில் படித்தது மாதிரி இருந்தது. இரண்டாம் வருடம்தான் காசுக்குத் தகும்.

எங்கே படிப்பது? நமக்குப் பக்கம் மைசூர்தான். 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் அங்கே இருக்கிறது. அகில இந்திய நுழைவுத்தேர்வு உண்டு, போட்டி கடுமை. கூடலூர், பந்திப்பூர் வழியாகப் போக வேண்டும். அந்தக் காட்டுப்பாதையை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அடைத்துவிடுவார்கள், லீவுக்கு வரும்போது கணக்குப் பார்த்துக் கிளம்புங்கள். சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்கள் உண்டு. செலவு கூடுதல், வெயிலும் கூடுதல்.

மதிப்பெண் போடச் சொன்னால் இளநிலைக்கு ஐந்துக்கு நாலு, முதுநிலைக்கு மூன்று. கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் திங்கட்கிழமை காலையில் போங்கள். அட்மிஷன் ஆபீஸில் பிரவுச்சர் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு யாரிடமும் கேட்காமல் ஓ.பி. வராந்தாவுக்குப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். மூன்றாம் வருட மாணவி யாராவது கிடைத்தால் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பக்கத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், எத்தனை பக்கத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள்.