சென்னையில் நிகழ்ச்சி பி.ஆர். இன்டர்ன்ஷிப்: எதற்காகச் சேரலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

விஸ்காம், இதழியல், எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் படிக்கும் மாணவர்களிடம் இப்போது கல்லூரிகளே இன்டர்ன்ஷிப் கேட்கின்றன. அவற்றில் சுலபமாகக் கிடைப்பது நிகழ்ச்சிகளுக்கான பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு வேலை. பிராண்ட் அறிமுகம், மருத்துவமனை பிரஸ் மீட், கடைத் திறப்பு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக் கண்காட்சி, மார்கழியில் சபா கச்சேரிகள் என்று சென்னையில் எப்போதும் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. ஆள் தேவையும் குறைவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரமும் அதற்கு மறுநாள் காலையும் உங்களை அலுவலகத்தில் உட்காரவைத்து வேலை கொடுக்கிற இடமென்றால், உதவித்தொகை குறைவாக இருந்தாலும் சேருங்கள். "காலைல ஏழு மணிக்கு வென்யுவுக்கு வந்துடுங்க, கறுப்பு சட்டை போட்டுட்டு வாங்க" என்று நிகழ்ச்சி நாளில் மட்டும் கூப்பிடுகிற இடத்தில் கால் வலியும் சான்றிதழும் கிடைக்கும், தொழில் கிடைக்காது. பி.ஆரில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி மேடைக்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முதல் வாரம் பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பைக் கொடுத்து "லிஸ்ட்டை அப்டேட் பண்ணுங்க" என்பார்கள். மாணவர்கள் முகம் சுளிக்கிற வேலை இது. ஆனால் பி.ஆர். ஏஜென்சியின் மூலதனமே அந்த மீடியா லிஸ்ட்தான். பத்திரிகை, செய்தியாளர் பெயர், பீட் (அவர் பார்க்கும் துறை), மொழி, கைபேசி, மெயில் என்ற பத்திகள் எல்லா இடத்திலும் இருக்கும். கடைசியாகப் பேசிய தேதி, அவர் கடைசியாக எழுதிய செய்தி என்ற இரண்டு பத்திகள் பல இடங்களில் இருக்காது. அவற்றை நீங்களே சேருங்கள். ஆறு மாதத்துக்கு முன் சுகாதாரம் பார்த்தவர் இன்று கல்விக்கோ குற்றச் செய்திக்கோ மாறியிருப்பார். அவருக்கே இதய அறுவை சிகிச்சை பிரஸ் மீட்டின் இன்வைட் போனால், அந்த ஏஜென்சி தன் செய்திகளைப் படிப்பதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கில நாளிதழ்களில் பைலைனை, அதாவது செய்தியோடு வரும் செய்தியாளர் பெயரைப் பார்த்து லிஸ்ட்டைத் திருத்திவிடலாம். தமிழ் நாளிதழ்களில் பல செய்திகள் 'நமது நிருபர்' என்ற பெயரில்தான் வரும். அங்கே அலுவலகத்துக்குப் போன் செய்து "சார், வணக்கம். ஹெல்த் பீட் இப்ப யார் பாக்கறாங்க?" என்று கேட்பதைத் தவிர வழியில்லை. தொலைக்காட்சியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. கேமரா எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது அசைன்மென்ட் டெஸ்க். செய்தியாளர் "வந்துடறேன்" என்று சொல்லியும் கேமரா வராமல் போவதற்கு இதுவே காரணம். நாளிதழ்களிலும் புகைப்படக்காரருக்குத் தனி அசைன்மென்ட் உண்டு. செய்தியாளருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் படம் வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

இன்வைட் மூன்று நாள் முன்பு போக வேண்டும். முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குள், அதாவது மறுநாள் அசைன்மென்ட் போடுவதற்கு முன், ஒரு நினைவூட்டல். அன்று காலை எட்டரை வாக்கில் இடம், நேரம், கூகுள் மேப் இணைப்போடு ஒரு வாட்ஸப். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை செய்தியாளர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அழைத்து "சார், மெயில் வந்துச்சா?" என்று கேட்பவரின் எண்ணை மறுபடி எடுக்கமாட்டார்கள்.

தேதி குறிப்பதில் பயிற்சி மாணவரின் குரல் எடுபடாது. ஆனாலும் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர், முதல்வர் நிகழ்ச்சி, சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் ஆகியவற்றோடு மோதும் நிகழ்ச்சிக்குப் பாதி நாற்காலி நிரம்பாது. வடகிழக்குப் பருவமழையில் ரெட் அலர்ட் வந்துவிட்டால் கேமராக்கள் செம்பரம்பாக்கத்துக்கும் வேளச்சேரிக்கும் போய்விடும். அன்று பிரஸ் மீட்டைத் தள்ளிவைப்பதே நல்லது. சாதாரண நாளில் காலை பதினொரு மணிதான் சரியான நேரம். மாலை நான்கு மணிக்கு வைத்தால், வெளியூருக்கு முதலில் கிளம்பும் டாக் எடிஷனில் உங்கள் செய்தி இருக்காது.

செய்திக்குறிப்பு எழுதக் கொடுத்தால் அது நல்ல ஏஜென்சி. முந்நூறிலிருந்து நானூறு சொல் போதும். முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது வந்துவிட வேண்டும். கிளையன்ட், அதாவது வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் ஆறு அதிகாரிகளும் ஆளுக்கொரு மேற்கோள் கேட்பார்கள். இரண்டுக்கு மேல் எந்த டெஸ்க்கும் போடாது. தமிழ்க் குறிப்பில்தான் பெரும்பாலான இடங்கள் சறுக்குகின்றன. ஆங்கிலக் குறிப்பை மென்பொருளில் போட்டு எடுத்து அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். துணை ஆசிரியர் அதை உட்கார்ந்து திருத்த நேரமில்லாமல் ஓரமாக வைத்துவிடுகிறார். தமிழ்க் குறிப்பைத் தனியாகவே எழுத வேண்டும். மில்லியன், பில்லியன் எல்லாம் லட்சம், கோடியாக வேண்டும். பெயர்களின் முதலெழுத்தையும் ஊர்ப் பெயரையும் உரியவரிடமே கேட்டு எழுத வேண்டும். யூனிகோடில், வேர்ட் கோப்பாக அனுப்ப வேண்டும். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் அதிலிருந்து நகலெடுக்கும்போது எழுத்து உடைந்துவிடும். மறுபடி தட்டச்சு செய்ய அங்கே ஆளில்லை. நன்றாகத் தமிழ் எழுதத் தெரிந்த மாணவர் இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது வாரத்தில் அலுவலகத்துக்கு இன்றியமையாதவர் ஆகிவிடுவார். இந்தப் பயிற்சியின் பெரிய லாபமாக நான் கருதுவது இதைத்தான்.

நிகழ்ச்சி நாளில் என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரமாட்டார்கள். எனவே சிலவற்றை இங்கேயே சொல்கிறேன். மேடைக்குப் பின்னால் நிற்கும் பேக்டிராப் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் இருக்க வேண்டும். பளபளப்பான ஃப்ளெக்ஸில் ஃப்ளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக விழும். நடுவில் ஒரே ஒரு பெரிய லோகோ போட்டால் பேச்சாளரின் தலை அதை மறைத்துவிடும். சின்னச் சின்ன லோகோக்களைப் பரவலாகப் போட்டால் முகத்தை மட்டும் வெட்டி எடுத்த படத்திலும் ஒன்றாவது தெரியும். உட்கார்ந்து பேசும் மேடையில், தரையிலிருந்து நான்கடிக்குக் கீழே உள்ள எழுத்து எந்தப் படத்திலும் வராது. பேக்டிராப்புக்குப் பதில் எல்.இ.டி. சுவர் வைத்தால் அதன் வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பேசுபவர் முகம் இருண்டுபோகும், கேமராவில் கோடுகள் ஓடும். ஒத்திகையின்போது கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துப் பார்த்தால் பாதிக் கோளாறு அப்போதே தெரிந்துவிடும்.

ஒலிதான் அதிகம் சொதப்புகிற இடம். பத்துப் பன்னிரண்டு சேனல்கள் வந்தால் அத்தனை லோகோ மைக்குகளும் மேஜையில் குவிந்து பேசுபவரின் வாயை மறைக்கும். ஒலி நேராக எல்லாக் கேமராக்களுக்கும் பிரிந்து போக மல்ட் பாக்ஸ் என்ற பெட்டியை ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்டு வைத்தால் மட்டும் போதாது. பெட்டியிலிருந்து லைன் லெவலில், அதாவது மைக்கைவிட வலுவாக வரும் ஒலியைக் கேமராவில் மைக் லெவலுக்கு வைத்தபடி வாங்கினால் அது கரகரத்து உடையும். ஹெட்ஃபோனில் கேட்காவிட்டால் பதிவு செய்யும் நேரத்தில் யாருக்கும் தெரியாது, எடிட்டிங்கில்தான் தெரியும். அன்று மாலை அந்தச் செய்தி திரையின் அடியில் ஓடும் இரண்டு வரி ஸ்க்ரோலாகச் சுருங்கிவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கேமராக்காரரிடமும் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்வது பயிற்சி மாணவர் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலை. கேமராக்களுக்குப் பின்வரிசையில் ஓரடி, ஒன்றரையடி உயர மேடை போடவில்லையென்றால் அவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். எழுதுகிற செய்தியாளர்களுக்கு மேடையே தெரியாது.

ரன் ஷீட் கையில் இருக்கட்டும்: நேரம், மேடையில் யார், எந்த மைக், எந்த ஸ்லைடு, யார் பொறுப்பு. மூன்று பேச்சாளர்களுக்கு மேல் போனால் கேள்வி நேரம் கரைந்துவிடும். சாப்பாடு தயார் என்று கேள்வி நேரத்துக்கு முன் அறிவித்தால் கூட்டமும் கரைந்துவிடும். அரசு விழாவோ கல்வி நிறுவன விழாவோ என்றால் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஏற்பாடு வேண்டும். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமைச்சர் வந்தால் பெயர் வரிசை, நாற்காலி வரிசை இரண்டையும் அவருடைய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தலைமை விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதித்தால் கேமராக்கள் அடுத்த அசைன்மென்ட்டுக்குக் கிளம்பிவிடும். காத்திருக்கும் நேரத்திலேயே நிறுவனத் தலைவரை ஓரமாக நிறுத்தி பைட் (கேமராவுக்கான சிறு பேட்டி) கொடுக்க வைத்துவிட்டால் செய்தி தப்பிக்கும். இந்த முடிவை மூத்தவர்கள் எப்படி எடுக்கிறார்கள், கிளையன்ட்டிடம் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது வகுப்பறையில் கிடைக்காத பாடம்.

படங்கள், நிகழ்ச்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் போக வேண்டும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். இரண்டு, மூன்று படம் போதும். ஒவ்வொன்றுக்கும் 'இடமிருந்து வலம்' என்று பெயரும் பதவியும் எழுதிய குறிப்பு வேண்டும். குறிப்பு இல்லாத படம், எவ்வளவு நன்றாக இருந்தாலும், அச்சேறாது.

மறுநாள் காலை கவரேஜ் டாக்கெட். பத்திரிகை, பதிப்பு, பக்கம், தலைப்பு, எத்தனை சென்டிமீட்டர், இணைய இணைப்பு எல்லாவற்றையும் தொகுத்துக் கிளையன்ட்டுக்கு அனுப்பும் கோப்பு இது. பல ஏஜென்சிகள் செய்தி வந்த இடத்தின் அளவை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, "இத்தனை லட்சம் மதிப்புள்ள கவரேஜ்" என்று இன்னும் எழுதுகின்றன. 2010இல் பார்சிலோனாவில் ஏற்கப்பட்ட அளவீட்டுக் கொள்கைகள், அந்தத் தொகை பி.ஆரின் மதிப்பு ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. கிளையன்ட் கேட்கிறார் என்பதால் பழக்கம் போகவில்லை. அந்தப் பத்தியை நிரப்பச் சொன்னால் நிரப்புங்கள். கூடவே உங்களுக்கென்று வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நாம் சொல்ல நினைத்த மூன்று செய்தியில் எது அச்சானது, எந்தக் கேள்விக்கான பதில் தலைப்பானது, செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பிய ஒரே செய்தியை எத்தனை இணையதளங்கள் அப்படியே எடுத்துப் போட்டன. ஐந்து நிகழ்ச்சிகளுக்கு இதைச் செய்தால் ஆறாவது நிகழ்ச்சியின் தலைப்பை முன்கூட்டியே சொல்ல வரும்.

இந்தப் பயிற்சி தராதவையும் உண்டு. பட்ஜெட் பேச்சில் மாணவரை உட்கார விடமாட்டார்கள். நெருக்கடி மேலாண்மையும் கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதே நல்லது. 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலை பனையூரில் நடந்த பெரிய இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்கள் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். அன்றிரவே சமூக ஊடகம் கொதித்தது. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டுப் பொறுப்பேற்றதும், உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி கேட்கப்பட்டதும் அதன் பிறகு நடந்தவை. அப்படியொரு இரவில் பயிற்சி மாணவரின் வேலை பதிவுகளைச் சேகரித்து மேலே அனுப்புவது மட்டுமே. யாருக்கும் பதில் எழுதக் கூடாது, எந்தக் கமென்ட்டையும் அழிக்கக் கூடாது, செய்தியாளர் அழைத்தால் பேசவேண்டியவரின் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.

தயங்காமல் மறுக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. சில இடங்களில் செய்தியாளர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை விநியோகிக்கும் வேலை இளையவர் தலையில் விழும். "இது என்னால முடியாதுங்க" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். சொன்னதற்காக அனுப்பிவிட்டால் அந்த இடத்தில் இருந்து கற்க வேண்டியது எதுவுமில்லை. இன்ஃப்ளுயன்சர்களை அழைக்கும் நிகழ்ச்சி என்றால், பணமோ பொருளோ வாங்கிப் போடும் பதிவில் அது விளம்பரம் என்ற அடையாளம் இருக்க வேண்டும். விளம்பரத் தர அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021இலிருந்தே இதைக் கேட்கிறது. அந்தப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலையை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.

நேர்காணலில் அவர்கள் மட்டும் கேள்வி கேட்க வேண்டும் என்றில்லை. யாருக்குக் கீழே வேலை, செய்திக்குறிப்பு எழுத வாய்ப்பு உண்டா, டாக்கெட் யார் போடுகிறார்கள், இரவு பத்தைத் தாண்டினால் வீட்டுக்கு வண்டி யார் ஏற்பாடு, பயணச் செலவு தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, சம்பளம் வாங்காத பயிற்சி மாணவிக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஆறு வாரத்துக்குக் குறைவான பயிற்சி வேண்டாம். ஒரு நிகழ்ச்சியின் லிஸ்ட்டிலிருந்து டாக்கெட் வரை இரண்டு முறையாவது முழுதாகப் பார்க்க அவ்வளவு காலம் தேவை.

கிளம்பும்போது மீடியா லிஸ்ட்டை நகலெடுத்து வராதீர்கள். அது அவர்களுடையது, அதில் இருப்பவை அடுத்தவர்களின் எண்கள். நீங்கள் எழுதிய குறிப்புகளில் வெளியானவற்றை மட்டும், அனுமதி கேட்டு, உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரி இருந்தால் திருப்பிக் கொடுத்து, எந்தெந்த நிகழ்ச்சி, எந்த வேலை, எத்தனை குறிப்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களே ஒரு வரைவைத் தயாரித்துக் கொண்டுபோனால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.